ஆப்பிரிக்க வயலட்: மண் ஈரமாக இருந்தும் இலை துவள்வது ஏன்?

கோவையில் மூன்றாம் மாடிக் குடியிருப்பு. ஊட்டியில் வாங்கிவந்த ஆப்பிரிக்க வயலட், வந்த புதிதில் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. ஒரு மாதத்துக்குள் பூவெல்லாம் உதிர்ந்தது. அதன் பிறகு ஒரு மொட்டுகூட வரவில்லை. தினமும் காலையில் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். இப்போது மண் ஈரமாகவே இருந்தும் அடியிலைகள் துவண்டு தொங்குகின்றன. சில இலைகளில் வெளிறிய வளையங்கள் தெரிகின்றன. "இது குளிர்ப் பிரதேசச் செடி, சமவெளியில் வராது என்கிறார்கள். விட்டுவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். விட வேண்டாம். ஆனால் ஒரு வேலையை இன்றே செய்துவிடுங்கள்; காரணங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

செடியைத் தொட்டியோடு கவிழ்த்து, மண்கட்டியை மெதுவாக வெளியே எடுத்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ, மெல்லிய நூல்போல இருக்கும். பழுப்பாகி, விரலால் இழுத்தால் தோல் வழுக்கிக்கொண்டு வந்தால் அது அழுகல். மண் ஈரமாக இருக்கும்போது இலை துவண்டால் செடிக்குத் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவதுதான் எல்லோரும் செய்வது. உண்மையில் வேர் செத்துவிட்டதால்தான் பக்கத்தில் இருக்கும் நீரைச் செடியால் எடுக்க முடியவில்லை. மேலும் ஊற்றினால் மிச்சமிருக்கும் வேரும் போகும்.

அழுகிய வேரை முழுவதும் நீக்கிவிட்டு, அடித்தண்டைச் சுத்தமான பிளேடால் சிறிது சிறிதாகச் சீவிக்கொண்டே மேலே வாருங்கள். வெட்டுமுகத்தில் பழுப்புப் புள்ளி எதுவும் இல்லாமல் ஒரே சீரான வெளிர்பச்சை தெரியும்வரை சீவ வேண்டும். பெரிய இலைகளைக் கழித்துவிட்டு, நடுவில் நான்கைந்து சிறிய இலைகளை மட்டும் விட்டு, புதிய கலவை (எப்படிக் கலப்பது என்று கீழே சொல்கிறேன்) நிரப்பிய சின்னக் கோப்பையில் தண்டைச் செருகுங்கள். அதை மூடி போட்ட தெளிவான பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, வெயில் படாத வெளிச்சத்தில் ஒரு மாதம் விட்டுவிடுங்கள். வேர் இல்லாத செடிக்கு அந்த மூடிய காற்றின் ஈரமே போதும். கழித்த இலைகளில் உறுதியாக இருப்பவற்றை எறியாதீர்கள். தாய்ச்செடி பிழைக்காவிட்டாலும் அவற்றிலிருந்து புதுச்செடி வரும். அதைப் பின்னால் சொல்கிறேன். சீவச் சீவக் குருத்துவரை பழுப்பாகவே இருந்தால் அந்தச் செடி முடிந்தது, இலைகள் மட்டுமே மிச்சம்.

இனி, "குளிர்ப் பிரதேசச் செடி" என்ற பேச்சுக்கு வருவோம். இது பாதி உண்மைகூட இல்லை. இந்தச் செடியின் ஊர் இன்றைய தான்சானியாவின் வடகிழக்கு, கென்யாவின் தெற்கு ஓரம். ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவில் மாவட்ட நிர்வாகியாக இருந்த வால்டர் ஃபொன் செயின்ட் பால்-இலேர் 1892-இல் இதைப் பார்த்து ஜெர்மனியில் இருந்த தன் தந்தைக்கு அனுப்பினார். ஹனோவரில் ஹெரன்ஹவுசன் தோட்டத்தின் இயக்குநராக இருந்த ஹெர்மன் வெண்ட்லாண்ட் 1893-இல் அதற்குச் செயின்ட்பாலியா என்று பெயரிட்டார். (2015-இல் தாவரவியலாளர்கள் அந்தப் பேரினத்தை ஸ்ட்ரெப்டோகார்பஸ் என்ற இன்னொரு பேரினத்துடன் சேர்த்துவிட்டார்கள்; நர்சரிச் சீட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் செடி ஒன்றுதான்.) நமக்கு வேண்டிய செய்தி, அது கிடைத்த இடம். ஒன்று உசம்பரா மலைக்காடு. மற்றொன்று டாங்கா என்ற துறைமுக ஊருக்கு அருகே, கடல்மட்டத்தைவிட அதிகம் உயராத இடத்தில், மர நிழலில் இருந்த சுண்ணாம்புப் பாறைகளின் இடுக்கு. டாங்கா இந்தியப் பெருங்கடற்கரையில் இருக்கும் வெப்பமண்டல ஊர். பனி, உறைபனி எதையும் அறியாத செடி இது. 10 டிகிரிக்குக் கீழே போனால் தடுமாறிவிடும். ஊட்டியில் ஜனவரி இரவில் வெளியே வைத்தால் நம் கோடையைவிட வேகமாகச் செத்துப்போகும். ஊட்டியிலும் இதை வளர்ப்பது கூரைக்குக் கீழேதான்.

அந்தப் பாறை இடுக்கை மனதில் வைத்துக்கொண்டால் பராமரிப்பு முழுவதும் அதிலிருந்தே வந்துவிடும். இடுக்கில் மண் ஒரு கைப்பிடிதான் இருக்கும், அதுவும் மக்கிய இலை. நீர் வரும், நிற்காது. வேருக்கு எப்போதும் காற்று உண்டு. மேலே அடர்ந்த மரங்கள். வெளிச்சம் நிறைய, நேர்வெயில் கிடையாது. காற்று ஈரமாக இருக்கும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் ஈரப்பாறைகளில் இதே குடும்பத்துச் செடிகள் ஒட்டிக்கொண்டு ஊதாப் பூ பூப்பதை மழைக்காலத்தில் பார்க்கலாம். அவற்றை யாரும் செம்மண் நிரப்பிய பத்து அங்குலத் தொட்டியில் நடுவதில்லை. வயலட்டுக்கு மட்டும் அதைச் செய்கிறோம்.

ஆகவே முதலில் மண்ணை மாற்றுங்கள். செம்மண், தோட்டமண், தொழுஉரம் எதுவும் வேண்டாம். தேங்காய் நார்க்கழிவும், பெர்லைட் என்ற இலேசான வெள்ளைப் பொரிகல்லும் சரிபாதி. கிடைத்தால் கொஞ்சம் வெர்மிகுலைட் (சூட்டில் பொரித்த, அப்ரகம் போன்ற கனிமம்). அவ்வளவுதான். கட்டியாக விற்கும் நார்க்கழிவில் உப்பு மிகுந்திருப்பது சாதாரணம். பொள்ளாச்சிப் பக்கத்துச் சரக்காக இருந்தாலும், "கழுவியது" என்று உறையில் எழுதியிருந்தாலும், வாளியில் ஊறவைத்து மூன்று நான்கு முறை பிழிந்து எடுத்த பிறகே பயன்படுத்துங்கள். பெர்லைட்டுக்குச் செலவு செய்யத் தயங்கிப் பலர் மணலைக் கலக்கிறார்கள். நுண்மணல் இடைவெளிகளை அடைத்துவிடும், வேண்டாம். மண்புழு உரம் ஒரு பிடிக்கு மேல் போனால் கலவை சேறாகிறது, சின்னக் கருங்கொசுவும் வந்துவிடும். நல்ல கலவையா என்று பார்க்க ஒரு வழி: நனைத்துக் கையில் இறுகப் பிடித்து விடுங்கள். உருண்டையாகவே நின்றால் பெர்லைட் போதவில்லை.

தொட்டி சிறியதாக இருக்க வேண்டும். செடியின் இலைவட்டத்தின் குறுக்களவில் மூன்றில் ஒரு பங்கு என்பது வயலட் வளர்ப்பவர்கள் உலகம் முழுவதும் வைத்திருக்கும் கணக்கு. 30 சென்டிமீட்டர் விரிந்த செடிக்கு 10 சென்டிமீட்டர், அதாவது நாலங்குலத் தொட்டி. பார்க்க இரக்கமாகத்தான் இருக்கும். பெரிய தொட்டியில் வேர் போய்ச் சேராத கலவை நாள்கணக்கில் ஈரமாக நிற்கும், அழுகல் அங்கேதான் ஆரம்பிக்கும். பிளாஸ்டிக் தொட்டியே நல்லது. மண்தொட்டி வைத்தால் விளிம்பில் வெள்ளை உப்புப் படியும்; அதில் சாய்ந்த இலைக்காம்பு கருகி ஒடிந்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் "வாரத்துக்கு எத்தனை முறை" என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. மேல்மண்ணைத் தொட்டால் உலர்ந்திருக்க வேண்டும், தொட்டியைத் தூக்கினால் இலேசாக இருக்க வேண்டும், அப்போது ஊற்றுங்கள். கோவையில் ஆடிக் காற்றுக்கு மூன்று நாளிலும் ஐப்பசி மழையில் பத்து நாளிலும் அது நடக்கலாம். தொட்டியை நீர் நிறைந்த தட்டில் அரைமணி நேரம் வைத்து, உறிஞ்சியது போக மிச்சத்தைக் கொட்டிவிடுவது பாதுகாப்பான முறை. மேலிருந்து ஊற்றக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. குருத்தில் நீர் தேங்கக்கூடாது, அவ்வளவே.

இலையில் நீங்கள் பார்த்த வெளிறிய வளையங்கள் நோய் அல்ல. இலையைவிடக் குளிர்ந்த நீர் பட்டால், மேல்தோலுக்குக் கீழே பச்சையம் இருக்கும் செல்கள் அந்தத் திடீர்க் குளிர்ச்சியில் சிதைந்துவிடுகின்றன. துளி நின்ற இடத்தின் வடிவத்திலேயே தழும்பு விழும். வெதுவெதுப்பான காலை இலை மீது குளிர்ந்த குழாய் நீரைத் தெளித்தால் போதும், வந்துவிடும். தழும்பு மறையாது, பரவவும் செய்யாது. அந்த இலை முதிர்ந்து கழியும்போது போய்விடும். முதல்நாள் இரவே குடத்தில் பிடித்துவைத்த நீரை ஊற்றினால் இது நேராது. தூசி படிந்தால் மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். இலையில் ரோமம் இருப்பதால் துணியால் துடைக்க முடியாது.

எந்த நீர் என்பதும் முக்கியம். உங்கள் வீட்டுக்குச் சிறுவாணி நீர் வந்தால் அதையே கொடுங்கள், இதைவிட நல்ல நீர் இந்தச் செடிக்குக் கிடைக்காது. ஆழ்துளைக் கிணற்று நீர் மட்டும்தான் என்றால் அதன் கடினத்தன்மையால் கலவையில் காரம் ஏறி, இளம் இலைகள் மஞ்சளிக்கும். கொஞ்சம் அமிலப் பக்கமாக, 6-இலிருந்து 6.5 பி.எச். அளவில் இருந்தால்தான் இது இரும்புச்சத்தை ஒழுங்காக எடுக்கும். மழைநீரோ ஆர்.ஓ. நீரோ பாதிக்குப் பாதி கலந்து கொடுக்கலாம். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரை வேறு செடிக்கு ஊற்றுங்கள், இதற்கு வேண்டாம்.

அடிக்கடி வெளியூர் போகிறவர்களுக்குத் திரி முறை பொருத்தம். தொட்டியின் அடித்துளை வழியாக நைலான் அல்லது அக்ரிலிக் நூலைக் கலவைக்குள் ஏற்றி, மறுமுனையைக் கீழே மூடியிட்ட நீர்ப்பாத்திரத்தில் தொங்கவிட வேண்டும். பருத்தித்திரி சில வாரங்களில் மக்கிவிடும். இந்த முறைக்குப் பெர்லைட் பாதியாவது இருக்க வேண்டும். கனமான கலவையில் திரி வைப்பது அழுகலுக்கு வாசல் திறந்துவிடுவதுதான். இப்போது நோய்ப்பட்டிருக்கும் உங்கள் செடிக்குத் திரி வேண்டாம், புதுவேர் பிடித்த பிறகு யோசிக்கலாம்.

பூ வராததற்குக் காரணம் பெரும்பாலும் வெளிச்சம். இதைப் பலர் நம்புவதில்லை. இலை பச்சைப்பசேலென்று இருக்கிறதே, வெளிச்சம் எப்படிப் போதாமல் இருக்கும் என்பார்கள். இலை வளர்வதற்கு வேண்டிய வெளிச்சம் வேறு, பூப்பதற்கு வேண்டியது வேறு. அளவுக்கு மீறிய கரும்பச்சையும், காம்புகள் நீண்டு மேல்நோக்கி எழுவதும் வெளிச்சப் பற்றாக்குறையின் அடையாளங்கள். நன்றாக வெளிச்சம் பெறும் செடி தட்டுப்போல விரிந்து படர்ந்திருக்கும். மாறாக, நடு இலைகள் இறுகி, இலை வெளிறி, ஓரம் கீழ்நோக்கி வளைந்தால் வெளிச்சம் அதிகம். செடிக்கு ஒரு அடி மேலே கையை நீட்டிப் பாருங்கள். விளிம்பு மங்கிய நிழல் விழுந்தால் சரி. கூர்மையான கருநிழல் விழுந்தால் வெயில் கடுமை. நிழலே தெரியாவிட்டால் இருட்டு.

கிழக்கு ஜன்னலில் எட்டு மணிவரை வரும் இளவெயில் நல்லது, அதற்குமேல் மெல்லிய வெள்ளைத்திரை போடுங்கள். வடக்கு ஜன்னலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அமெரிக்க, ஐரோப்பியக் குறிப்புகளில் வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்று எழுதியிருப்பார்கள். அவர்களுக்கு அது சரி. கோவை 11 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம்வரை நம் உச்சி வெயில் வடக்குப் பக்கமாகத்தான் சாய்ந்து விழுகிறது. மார்ச் மாதம்வரை நன்றாக இருந்த வடக்கு ஜன்னல் செடி மே மாதத்தில் கருகுவதற்கு இதுவே காரணம். வேறு வழியில்லாதவர்களுக்கு விளக்கு இருக்கிறது: சாதாரண நாலடி வெள்ளை எல்.இ.டி. டியூப்லைட், செடிக்கு ஒரு அடி மேலே, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். "செடி வளர்க்கும் விளக்கு" என்று ஊதா ஒளியில் விற்பதற்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. இரவெல்லாம் எரியவிடவும் கூடாது. எட்டு மணி நேரமாவது இருட்டு வேண்டும்.

வாங்கிய ஒரு மாதத்தில் பூ உதிர்ந்தது உங்கள் குற்றமில்லை. நர்சரிக் குடிலிலிருந்து வீட்டுக்கு வந்த எந்த வயலட்டும் அப்படித்தான் செய்யும். அந்தப் பூக்கள் குடில் வெளிச்சத்தில் உருவானவை. ஒரு விவரம் இங்கே உதவும்: பூங்காம்பு இலைக்கக்கத்திலிருந்து, அதாவது இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கிலிருந்து, வருகிறது. பூத்து முடிந்த பழைய கக்கம் பெரும்பாலும் திரும்பப் பூப்பதில்லை. ஆகப் புதுப்பூ வேண்டுமானால் புது இலை வந்துகொண்டே இருக்க வேண்டும். செடி வளர்ச்சியை நிறுத்தினால் பூவும் நின்றுவிடும். அடியிலைகளை மாதத்துக்கு ஒன்றிரண்டு கழித்து, மூன்று நான்கு அடுக்கு மட்டும் வைத்திருப்பதால் இழப்பு ஏதும் இல்லை. கக்கத்தில் பக்கக்கன்று முளைத்தால் கிள்ளிவிடுங்கள். மொட்டையே கன்று என்று நினைத்துக் கிள்ளிவிடாமல் இருக்க, இரண்டு சிற்றிலையோடு நிற்பது பூங்காம்பு, மூன்றாவது நான்காவது இலையும் விடுவது கன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வெப்பம். காட்டுச்செடி டாங்காவின் சூட்டைத் தாங்கியது என்பதற்காக நர்சரி வகைகளும் அப்படியே தாங்கிவிடும் என்று சொல்லமாட்டேன். லாஸ் ஏஞ்சல்ஸில் ஆர்மகாஸ்ட் அண்டு ராய்ஸ்டன் நர்சரி 1926-இல் ஐரோப்பாவிலிருந்து விதை தருவித்துத் தேர்ந்தெடுத்த பத்து வகைகள்தான் இன்றைய கலப்பினங்களில் ஏராளமானவற்றுக்கு மூதாதைகள். அன்று முதல் தேர்வு நடந்தது கண்ணாடிக் குடிலுக்கும் வீட்டு ஜன்னலுக்கும்தான். 18 முதல் 27 டிகிரிவரை அவற்றுக்கு வசதி. 30-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் மொட்டு கருகும், பூ சிறுக்கும், வெள்ளை ஓரமிட்ட இலைகள் பச்சையாகிவிடும். செத்துப்போவது இல்லை. கோடையில் கொல்வது சூடும் ஈரமும் சேர்ந்த கூட்டு. வேரழுகல் பூஞ்சைகளுக்குச் சூடான ஈரமண்தான் விருந்து. ஏப்ரல், மே மாதங்களில் செடியை வீட்டின் குளிர்ந்த அறைக்குக் கொண்டுபோய், உரத்தை நிறுத்தி, வரும் மொட்டையும் கிள்ளிவிட்டு, உயிரோடு வைத்திருப்பதோடு திருப்தி அடையுங்கள். கார்த்திகை, மார்கழியில் அது ஈடுசெய்யும். ஏ.சி. அறை நல்லதே, குளிர்காற்று நேரே இலையில் அடிக்கக்கூடாது. கூழாங்கல் தட்டில் நீர் வைத்தால் காற்றில் ஈரம் ஏறும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கெடுதல் இல்லை, பயனும் மிகக் குறைவு. நாலைந்து செடிகளைச் சேர்த்து வைப்பது அதைவிட நல்லது.

உரம் மிகக் கொஞ்சம். உரக்கடையில் கிடைக்கும் நீரில் கரையும் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது) போதும். நான்கு லிட்டருக்குக் கால் தேக்கரண்டி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஈரமண்ணில். மாதத்துக்கு ஒருமுறை வெறும் நீரை மேலிருந்து தாராளமாக ஊற்றி வடியவிட்டு, தங்கிய உப்பைக் கழுவுங்கள். பஞ்சகவ்யம், மீன் அமிலம், தேயிலைத்தூள், முட்டையோடு எல்லாம் மாடித்தோட்டத்துக் காய்கறிக்கு ஆகட்டும். நாலங்குலத் தொட்டிக்குள் அவை மக்க இடமில்லை.

கழித்துவைத்த இலைகளுக்கு வருகிறேன். மிக முதிர்ந்ததும் மிக இளையதும் வேண்டாம், நடு அடுக்கு இலையே நல்லது. காம்பை மூன்று சென்டிமீட்டர் விட்டுச் சாய்வாக வெட்டி, ஈரம் பிழிந்த கலவையில் காம்பை மட்டும் ஒன்றரைச் சென்டிமீட்டர் ஆழத்துக்குச் செருகி, மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். ஒரு மாதத்தில் வேர் வரும். இரண்டு மூன்று மாதங்களில் அடியிலிருந்து எலிக்காது அளவில் குட்டிகள் எட்டிப்பார்க்கும். அவசரப்பட்டுத் தோண்டிப் பார்க்காதீர்கள். குட்டியின் இலைகள் ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதானதும் பிரித்து நடலாம். எட்டு மாதம் முதல் ஓராண்டுக்குள் பூக்கும். சக்கரம்போல நடுவிலிருந்து கோடு கோடாக நிறம் பிரியும் பூவுள்ள செடி உங்களிடம் இருந்தால் இந்த வழியில் அந்தப் பூ வராது. அது இருவகைத் திசுக்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்த செடி, இலையிலிருந்து முளைப்பது ஒற்றை நிறத்துக்குத் திரும்பிவிடும். அதற்குப் பக்கக்கன்றோ பூங்காம்போதான் வழி. கடையில் இந்த வகை விலை ஏறி நிற்பதற்கும் அதுவே காரணம்.

செடி பிழைத்து ஓராண்டு ஆனதும் அடியிலைகள் கழிந்து தண்டு வெறுமையாக, கழுத்துப்போல நீண்டு நிற்கும். அப்போது வேர்க்கட்டியின் அடிப்பகுதியைக் கழுத்தின் நீளத்துக்குச் சமமாக வெட்டி எறிந்துவிட்டு, தண்டின் மேல்தோலை இலேசாகச் சுரண்டி, அதே தொட்டியில் ஆழமாக இறக்கி நடுங்கள். புதைந்த தண்டு வேர்விடும். ஆண்டுக்கு ஒருமுறையாவது கலவையை இப்படி மாற்றுங்கள். கோடையில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.

பூச்சிகளில் மாவுப்பூச்சி கண்ணுக்குத் தெரியும்; மருந்துக்கடை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுக்குச்சியால் தொட்டுத்தொட்டு எடுக்கலாம். வேரில் வெள்ளை மாவு ஒட்டியிருந்தால் கலவையை முழுவதும் கழுவி எறிய வேண்டும். பூவில் மகரந்தம் சிந்திக் கிடந்தால் இலைப்பேன். எல்லாப் பூவையும் மொட்டையும் கிள்ளிவிடுவது முதல் வைத்தியம். நடுக்குருத்து இறுகி, சாம்பல் பூத்து, இலைகள் முறுக்கிக்கொண்டு வந்தால் அது கண்ணுக்கே தெரியாத ஒருவகைச் சிலந்திப்பேன். அந்தச் செடியைப் பையில் கட்டி எறிந்துவிடுவதே மற்றவற்றுக்கு நல்லது, மருந்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். வேப்பெண்ணெய் தெளித்தால் மாலையில் தெளித்து, எண்ணெய் காயும்வரை வெளிச்சத்திலிருந்து தள்ளிவையுங்கள். எண்ணெய் படிந்த ரோம இலை எளிதில் பொசுங்கும்.

மறுபடி ஒன்று வாங்குவதானால் நவம்பர், டிசம்பரில் வாங்குங்கள், கோடைக்குள் அது வீட்டுக்குப் பழகிவிடும். பூவைப் பார்த்து மயங்காமல் குருத்தைப் பாருங்கள். ஒரே ஒரு நடுக்குருத்து, உறுதியான காம்பு, விரியாத மொட்டு நிறைய. கலவை சொதசொதவென்று இருந்தால் வேறு செடியை எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு மாதம் மற்றச் செடிகளிடமிருந்து தள்ளியே இருக்கட்டும். உங்களிடம் பூனையோ நாயோ இருந்து இலையைக் கடித்தாலும் பயமில்லை, இது அவற்றுக்கு நஞ்சில்லாத செடி.